திரையில் இல்லாதவர்களை எப்படி எண்ணுவது?

ஒரு தொலைக்காட்சித் தொடரில் இப்படி ஒரு காட்சி என்று வைத்துக்கொள்வோம். மருத்துவமனை நடைவழி. இரண்டு டாக்டர்கள் பேசிக்கொண்டே வேகமாக வருகிறார்கள். இருவரும் ஆண்கள், நாற்பது வயதுக்குள் இருப்பார்கள். ஒரு நர்ஸ் கோப்பை நீட்டுகிறார், வாய் திறக்கவில்லை. பின்னால் சக்கர நாற்காலியில் ஒரு மூதாட்டி. இன்னும் பின்னால், தரை துடைக்கும் ஒருவருடைய முதுகு. மொத்தம் பதினைந்து விநாடி. அதற்குள் அடுத்த காட்சி வந்துவிடுகிறது.

சோபாவில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இதில் ஒன்றுமில்லை. கையில் படிவத்தோடு உட்கார்ந்து பார்ப்பவருக்கோ இது தலைவலி. முதுகு மட்டும் தெரிகிறவரைப் பாத்திரம் என்று கணக்கில் சேர்ப்பதா? நர்ஸின் வயது என்னவென்று எழுதுவது? மூதாட்டிக்குக் கதையில் பெயர் இருக்கிறதா, இல்லை அவர் மருத்துவமனை என்று காட்டுவதற்காக வைத்த சாமானா? இதே காட்சியை இன்னொருவர் வேறொரு அறையில் தனியாகப் பார்த்து, அவருடைய படிவத்தை நிரப்புகிறார். பிறகு இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். ஒத்துப்போனால் அது தரவு. ஒத்துப்போகாவிட்டால் கேள்வியைத் திருத்துகிறார்கள், அல்லது எண்ணுகிறவருக்கு மறுபடி பயிற்சி கொடுக்கிறார்கள்.

உள்ளடக்கப் பகுப்பாய்வு என்ற பெரிய பெயருக்குப் பின்னால் இருக்கும் அன்றாட வேலை இதுதான். அலுப்பூட்டும் வேலை. ஆனால் ஊடகமும் சமூகநீதியும் பற்றிய விவாதத்தில் இன்று சாதாரணமாகப் புழங்கும் பல வாதங்கள் இந்த மாதிரிப் படிவங்களிலிருந்து வந்தவை. அந்த வேலையை ஆண்டு தவறாமல் செய்ய வைத்தவர்களில் முக்கியமானவர், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் கெர்ப்னர்.

கெர்ப்னர் 1919இல் புடாபெஸ்டில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய ஆண்டில் ஹங்கேரியை விட்டு வெளியேறி அமெரிக்கா போனார். அங்கே இதழியல் படித்தார், கொஞ்ச காலம் செய்தியாளராக இருந்தார், பிறகு அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து எதிரி வரிசைக்குப் பின்னால் பாராசூட்டில் குதித்தார். 1964இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அனன்பெர்க் தொடர்பியல் பள்ளிக்குத் தலைவரானவர், கால் நூற்றாண்டு அந்தப் பொறுப்பில் இருந்தார். பாசிசத்தை அருகிலிருந்து பார்த்த ஒருவர் 'ஒரு சமூகத்தின் கதைகளை யார் சொல்கிறார்கள்' என்ற கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை.

அந்தக் கேள்வியை ஆராயும் வாய்ப்பு வன்முறையின் வழியாக வந்தது. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்டார்கள். அதிபர் ஜான்சன் வன்முறையின் காரணங்களை ஆராய ஓர் ஆணையம் அமைத்தார். தொலைக்காட்சியில் எவ்வளவு வன்முறை காட்டப்படுகிறது என்று எண்ணித் தரும் வேலை கெர்ப்னரிடம் வந்தது. முன்னிரவு நேர நாடகங்களையும் வார இறுதிக் குழந்தைகள் நிகழ்ச்சிகளையும் ஒரு வாரத்துக்குப் பதிவுசெய்து, பாத்திரம் பாத்திரமாகக் குறித்தார்கள். அடுத்த ஆண்டும் அதையே செய்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டும்.

கேட்டவர்கள் எதிர்பார்த்தது நேரான பதில்: ஒரு மணி நேரத்தில் எத்தனை அடிதடி, எத்தனை கொலை. கெர்ப்னர் அந்த எண்ணிக்கையையும் கொடுத்தார். ஆனால் அவருடைய ஆர்வம் வேறு இடத்தில் இருந்தது. யார் அடிக்கிறார், யார் வாங்குகிறார் என்று அவர் பிரித்துப் பார்த்தார். அடிப்பவர்களுக்கும் அடிபடுபவர்களுக்கும் உள்ள விகிதத்தை ஒவ்வொரு பிரிவினருக்கும் தனித்தனியாகப் போட்டபோது ஒரு படிக்கட்டு தெரிந்தது. வெள்ளையின நடுவயது ஆண் அடித்துவிட்டுத் தப்பிக்கலாம். பெண், முதியவர், சிறுபான்மையினர் என்று இறங்க இறங்க, அடிப்பதைவிட அடிபடுவது கூடுகிறது. ஆக, திரை வன்முறை என்பது துப்பாக்கிச் சத்தம் பற்றிய விஷயமே அல்ல. யார் யாரை என்ன செய்துவிட்டுத் தப்பிக்கலாம் என்று சமூகத்துக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. கெர்ப்னரின் பெயரை வன்முறைப் புள்ளிவிவரத்தோடு மட்டும் சேர்த்துச் சொல்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இன்னொரு விஷயமும் அந்தப் படிவங்களில் தெரிந்தது: காலிப் பெட்டிகள். முன்னிரவு நாடகங்களில் ஆண்கள் ஏறக்குறைய மூன்று பேருக்கு ஒரு பெண். அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் அன்றைய அமெரிக்க மக்கள்தொகையில் 11 சதவீதம். நாடகப் பாத்திரங்களில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல். கதை உலகில் ஒருவர் தென்படுவது சமூகத்தில் அவருக்கு இருப்பு உண்டு என்பதற்கு அடையாளம், தென்படாமல் போவது ஒருவகை அழிப்பு என்று கெர்ப்னர் 1972இல் எழுதினார். குறியீட்டு அழிப்பு என்று இதற்குப் பெயர். ஆறு ஆண்டுகள் கழித்துச் சமூகவியலாளர் கே டக்மன் இதைப் பெண்களுக்குப் பொருத்திப் பார்த்து மூன்றாக விரித்தார்: காட்டாமலே விடுவது, காட்டினால் அற்பமாக்குவது, அதையும் மீறி நிமிர்ந்தால் கண்டிப்பது. ஆளை அழிக்க மூன்று வழி.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். நாடகம் என்ன மக்கள்தொகைக் கணக்கெடுப்பா? பதினொரு சதவீதம் முதியவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக ஒவ்வொரு கதையிலும் பத்துக்கு ஒரு தாத்தாவைக் கொண்டுவர வேண்டுமா? வேண்டியதில்லை. ஒரு கதையில் முதியவர் இல்லாதது யாருடைய குற்றமும் அல்ல. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு, எல்லாச் சேனலிலும், எல்லா வகைக் கதையிலும் அதே ஆட்கள் காணாமல்போனால் அதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. ஒரு படத்தைப் பார்த்து 'ஏன் இவர் இல்லை' என்று சண்டை போடுவதற்கும் பத்து ஆண்டுத் தரவை வைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முதலாவது பெரும்பாலும் அந்த இயக்குநரின் நோக்கம் பற்றிய வாக்குவாதத்தில் முடியும். இரண்டாவதில் யாருடைய நோக்கமும் தேவைப்படுவதில்லை.

சரி, திரையில் இல்லை. அதனால் வெளியே என்ன கெட்டுப்போயிற்று? இதற்குப் பதில் தேட கெர்ப்னர் குழு பார்வையாளர்களிடம் போனது. அதிக நேரம் தொலைக்காட்சி பார்ப்பவர், குறைவாகப் பார்ப்பவர் இருவரிடமும் உலகத்தைப் பற்றிச் சில எளிய கேள்விகள். முதியவர்களின் எண்ணிக்கை நாட்டில் கூடுகிறதா, குறைகிறதா? உண்மையில் அது கூடிக்கொண்டிருந்தது. அதிகம் பார்ப்பவர்களிடம் குறைகிறது என்ற பதில்தான் கூடுதலாக வந்தது. முதியவர்கள் முன்பு போல ஆரோக்கியமாக இல்லை என்றும் அவர்கள் நினைத்தார்கள். திரையில் இல்லாதவர்கள் அவர்கள் மனதில் நாட்டிலும் குறைந்துகொண்டிருந்தார்கள்.

திரை உலகம் கொஞ்சம் கொஞ்சமாக நிஜ உலகத்தைப் பற்றிய நம் நினைப்பாக விளைந்துவிடுகிறது என்ற இந்தக் கோட்பாடு 1976இல் விரிவாக வெளியானது. அதிகம் பார்ப்பவர் உலகத்தை இருப்பதைவிட ஆபத்தானதாக நினைக்கிறார், அயலாரை நம்பத் தயங்குகிறார் என்ற முடிவு புகழ்பெற்றது. அதே வேகத்தில் அடியும் வாங்கியது. 1979இல் கனடாவின் டொராண்டோவில் இரண்டு ஆய்வாளர்கள், பயப்படுகிறவர்கள் குடியிருக்கும் பகுதியின் நிஜமான குற்ற அளவையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். தொலைக்காட்சிக்கும் பயத்துக்கும் இருந்த தொடர்பு ஏறக்குறையக் காணாமல்போனது. மோசமான பகுதியில் வசிப்பவர் வெளியே போகப் பயந்து வீட்டிலேயே இருப்பார். வீட்டில் இருப்பவர் டிவி பார்ப்பார். அவ்வளவுதான் விஷயமோ என்று தோன்றியது. அடுத்த ஆண்டு பால் ஹிர்ஷ் என்ற சமூகவியலாளர் கெர்ப்னரின் தரவையே மறுபடி எடுத்து அலசி, வயது, கல்வி, இனம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கணக்கில் கொண்டால் மிஞ்சுவது மிகக் குறைவு என்றார்.

கெர்ப்னர் குழு கோட்பாட்டைத் திருத்திக்கொண்டது. தொலைக்காட்சி எல்லோரையும் ஒரே மாதிரி தள்ளுவதில்லை, வெவ்வேறு நிலையில் இருப்பவர்களை நடுவே இழுத்து ஒரே மாதிரி யோசிக்க வைக்கிறது என்றார்கள். பிற்காலத்தில் இருபது ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தொடர்பு இருந்தது, ஆனால் சிறியது. என்னைக் கேட்டால் இந்தச் சண்டையில் விமர்சகர்கள் பக்கம் நியாயம் கூடுதல். அதே சமயம், நாள் முழுக்க, நாடு முழுக்க, வாழ்நாள் முழுக்க வேலை செய்யும் ஒரு சிறிய தாக்கத்தைச் சிறியது என்று ஒதுக்குவதும் சரியாகப் படவில்லை.

நாடகம் கற்பனை என்று தள்ளிவிடலாம். செய்தி?

1967 கோடையில் அமெரிக்க நகரங்களில் வெடித்த கலவரங்களை விசாரித்த கெர்னர் ஆணையம், அடுத்த ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் ஊடகத்துக்கு ஒரு தனி அத்தியாயமே ஒதுக்கியது. கலவரத்தை மிகைப்படுத்தினார்கள் என்பதைவிட அது கடுமையாகச் சொன்ன குறை வேறு: பத்திரிகைகள் உலகத்தை வெள்ளையரின் கண்ணால் மட்டும் பார்க்கின்றன, கறுப்பினத்தவருக்கும் பிள்ளைகள் பிறக்கிறார்கள், திருமணம் நடக்கிறது, அவர்களும் சங்கக் கூட்டத்துக்குப் போகிறார்கள் என்பதே செய்தியில் தெரிவதில்லை. அந்த நேரத்தில் அமெரிக்கச் செய்தி அறைகளில் வேலை பார்த்தவர்களில் கறுப்பினத்தவர் 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆசிரியர், மேற்பார்வையாளர் நிலையில் 1 சதவீதம்கூட இல்லை; இருந்தவர்களிலும் பெரும்பாலோர் கறுப்பினத்தவர் நடத்திய நிறுவனங்களில் இருந்தார்கள்.

கால் நூற்றாண்டு கழித்து என்ன ஆனது? அரசியல் அறிவியல் பேராசிரியர் மார்ட்டின் கிலென்ஸ் மூன்று பெரிய அமெரிக்கச் செய்தி வார இதழ்களை எடுத்துக்கொண்டார். 1988 முதல் 1992 வரை வறுமை பற்றி வந்த கட்டுரைகளில் இருந்த புகைப்படங்களை எண்ணினார். படங்களில் இருந்த ஏழைகளில் 62 சதவீதம் பேர் கறுப்பினத்தவர். அன்றைய நிஜ அமெரிக்க ஏழைகளில் அவர்கள் 29 சதவீதம். கெர்ப்னரின் காலிப் பெட்டிக்கு நேர் எதிரான சிக்கல் இது: இங்கே ஆட்கள் தேவைக்கு மேல் தெரிகிறார்கள். அதிலும் எங்கே தெரிகிறார்கள் என்று பார்க்க வேண்டும். முதியோர் வறுமை, வேலை செய்தும் போதாத குடும்பம் என்று வாசகர் பரிதாபப்படக்கூடிய கட்டுரைகளில் கறுப்பு முகங்கள் குறைவு. சோம்பல், போதை, குற்றம் என்ற வாடை வரும் கட்டுரைகளில் அதிகம். கிலென்ஸ் அந்த இதழ்களின் புகைப்பட ஆசிரியர்களிடமே நாட்டின் ஏழைகளில் எத்தனை பேர் கறுப்பினத்தவர் என்று கேட்டார். அவர்களுடைய ஊகம் உண்மையைவிடக் கூடுதல்தான், ஆனால் அவர்கள் அச்சிட்ட படங்கள் அளவுக்கு மோசமில்லை. தெரிந்தே யாரும் இதைச் செய்யவில்லை. அவசரத்தில் 'ஏழை' என்று சொன்னால் கை எந்தப் படத்தை எடுக்கிறதோ அது அச்சாகிறது.

கை மட்டுமல்ல, கண்ணும் அப்படித்தான். ஃபிராங்க்ளின் கில்லியம், சாந்தோ ஐயங்கார் என்ற இருவர் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சோதனை செய்து 2000இல் வெளியிட்டார்கள். உள்ளூர்ச் செய்தித் தொகுப்பு ஒன்றை ஆட்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அதன் நடுவே ஒரு குற்றச் செய்தி. ஒரு குழுவுக்குச் சந்தேக நபரின் படம் கறுப்பினத்தவராக, இன்னொரு குழுவுக்கு வெள்ளையராக. இரண்டும் ஒரே முகம்தான். கம்ப்யூட்டரில் தோல் நிறத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். மூன்றாவது குழுவுக்குக் குற்றம் பற்றிய செய்தி உண்டு, ஆளே கிடையாது. படமில்லை, அடையாளமும் இல்லை. செய்தி முடிந்த பிறகு, குற்றவாளியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். மூன்றாவது குழுவில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பார்த்ததாகச் சொன்னார்கள். காட்டப்படாத ஆளைப் பார்த்ததாகச் சொன்ன அவர்களில் 70 சதவீதம் பேர், அவர் கறுப்பினத்தவர் என்றார்கள்.

நான் இந்த ஆய்வைப் பற்றி முதலில் படித்தபோது அந்த வரியை இரண்டு முறை திரும்பிப் படித்தேன். திரையில் ஒன்றுமே இல்லாத இடத்தில் பார்ப்பவரே ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். ஆயிரம் நாள் பார்த்த செய்தி, ஆயிரத்தொன்றாவது நாளின் காலியிடத்தை நிரப்பிவிடுகிறது.

இதே ஐயங்கார் அதற்கு முன்பே 1991இல் இன்னொன்றைக் காட்டியிருந்தார். வீடில்லாத ஒருவர் குளிரில் நடைபாதையில் படுத்திருக்கிறார். கேமரா அவரோடு ஒரு நாள் நடக்கிறது. மனதைத் தொடும் செய்தி. இன்னொரு செய்தியில் ஆளே இல்லை: வாடகை ஏற்றம், அரசு உதவி வெட்டு, வேலையின்மைக் கணக்கு. முதல் செய்தியைப் பார்த்தவர்கள்தானே அரசை அதிகம் கேள்வி கேட்பார்கள் என்று எதிர்பார்ப்போம். நடந்தது தலைகீழ். தனி ஆளின் கதையைப் பார்த்தவர்கள் அந்த ஆள் என்ன தப்பு செய்து இந்த நிலைக்கு வந்தார் என்று யோசித்தார்கள். கணக்கைப் பார்த்தவர்கள் அரசும் சமூகமும் என்ன தப்பு செய்தன என்று யோசித்தார்கள். அதிலும் காட்டப்பட்ட ஏழை கறுப்பினத்தவராக இருந்தால் பழி அவர் தலையிலேயே விழுவது கூடியது. நல்ல மனதோடு 'மனிதக் கதை' எழுதும் செய்தியாளர்களுக்கு இது கசப்பான முடிவு. கதையை விட்டுவிட வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் நடைபாதையில் படுத்திருப்பவரின் முகத்தை நெருக்கத்தில் காட்டிவிட்டு, அவர் போன மாதம் வரை இருந்த வீட்டின் வாடகை என்ன ஆனது என்பதைச் சொல்லாமல் விட்டால், இரக்கம் பழியாக மாற நேரமாகாது.

அப்படியானால் தீர்வு என்ன, நல்லபடியாகக் காட்டிவிட்டால் போதுமா? இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிகச் சங்கடமான பதில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் இரண்டு தொடர்பியல் பேராசிரியர்களிடமிருந்து வந்தது. சட் ஜாலி, ஜஸ்டின் லூயிஸ் இருவரும் 1992இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் 1984 முதல் எட்டு ஆண்டு ஓடிய 'தி காஸ்பி ஷோ' என்ற நகைச்சுவைத் தொடரைப் பற்றியது. அப்பா டாக்டர், அம்மா வழக்கறிஞர், அன்பான பிள்ளைகள். கறுப்பினக் குடும்பத்தை இழிவில்லாமல் காட்ட வேண்டும் என்பதில் தொடரை எடுத்தவர்கள் அவ்வளவு கவனமாக இருந்தார்கள். ஹார்வர்டு மனநல மருத்துவர் ஒருவரைக் கதை ஆலோசகராகவே வைத்திருந்தார்கள். பல ஆண்டுகள் நாட்டிலேயே அதிகம் பேர் பார்த்த தொடர் அது.

பேராசிரியர்கள் பார்வையாளர்களைச் சிறு குழுக்களாக உட்காரவைத்து, ஓர் அத்தியாயத்தைப் போட்டுக் காட்டி, பேச விட்டார்கள். கறுப்பினப் பார்வையாளர்கள் தொடரைக் கொண்டாடினார்கள். ஒருவழியாகத் தலைகுனியாமல் பார்க்க ஒன்று கிடைத்தது என்ற நிம்மதி அது. வெள்ளையினப் பார்வையாளர்களுக்கும் அந்தக் குடும்பத்தைப் பிடித்திருந்தது, மனதாரப் பிடித்திருந்தது. ஆனால் அவர்களில் பலர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட முடிவு வேறு: இவர்களால் முடிந்திருக்கிறது, ஆக இனம் இப்போது தடையே இல்லை. மற்றவர்கள் முன்னேறவில்லை என்றால் உழைப்பு போதவில்லை. கறுப்பினத்தவருக்கான சிறப்பு வாய்ப்புத் திட்டங்கள் இனி எதற்கு? வெறுப்பில்லாமல், புன்னகையோடு வந்து சேரும் இந்த இனவாதத்துக்கு ஆய்வாளர்கள் அறிவொளி பெற்ற இனவாதம் என்று பெயர் வைத்தார்கள்.

தொடர் மோசமானது என்று அவர்கள் சொல்லவில்லை. சித்திரிப்பை நல்லது, கெட்டது என்று மட்டும் அளந்தால் தப்பிப் போகும் ஒன்றை அவர்கள் காட்டினார்கள். அந்தத் தொடரில் குடும்பம் இருந்தது, வேலை இருந்தது, வீடு இருந்தது. அந்த வீட்டுக்கு வந்துசேர எத்தனை கதவு மூடப்பட்டது என்பது இல்லை. கௌரவமாகக் காட்டப்படுவதற்கு விலையாகப் பணக்காரராக இருக்க வேண்டியிருந்தது. இங்கேயும் காலிப் பெட்டிதான். ஆனால் இந்த முறை காணாமல்போனது ஆள் அல்ல, காரணம். காரணம் காணாமல்போன இடத்தைக் கண்டுபிடிக்கப் படிவத்தில் எந்தக் கட்டம் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரே அத்தியாயத்தை இரண்டு குழு இரண்டு விதமாகப் படிக்கலாம் என்பதை ஜமைக்காவில் பிறந்து பிரிட்டனில் பணியாற்றிய ஸ்டூவர்ட் ஹால் 1973இலேயே கோட்பாடாக எழுதிவிட்டார். செய்தியைத் தயாரித்தவர் வைத்த பொருளை அப்படியே ஏற்பவர் உண்டு, பாதி ஏற்றுப் பாதி பேரம் பேசுபவர் உண்டு, எதிர்த்துப் படிப்பவரும் உண்டு. கெர்ப்னருடைய மாணவர்களும் ஹாலுடைய மாணவர்களும் நீண்ட காலம் ஒருவரையொருவர் கொஞ்சம் ஏளனமாகத்தான் பார்த்தார்கள். எண்களை நம்பாதவர்கள் ஒரு பக்கம், எண் இல்லாமல் பேசுவதை நம்பாதவர்கள் மறுபக்கம். இரண்டும் தேவை என்று இன்று சொல்வது சுலபம்.

எண்ணுவது நிற்கவில்லை. உலக அளவில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒரே நாளில் பல நாடுகளின் செய்திகளை எண்ணும் கண்காணிப்புத் திட்டம் 1995இல் தொடங்கியது. அந்த ஆண்டு செய்தியில் இடம்பெற்ற, பேசிய ஆட்களில் பெண்கள் 17 சதவீதம். 2020இல் 25 சதவீதம். கால் நூற்றாண்டுக்கு எட்டுப் புள்ளி. இப்போது திரையில் யார் எத்தனை விநாடி தெரிகிறார், எத்தனை விநாடி பேசுகிறார் என்பதை மென்பொருளே அளந்து கொடுத்துவிடுகிறது. கட்டுரை தொடங்கிய நடைவழிக் காட்சியில் நர்ஸுக்கு எத்தனை விநாடி என்பதை அது பிசகாமல் சொல்லும். தரை துடைப்பவரின் முதுகை வைத்து என்ன செய்வது என்பது மென்பொருளுக்கும் குழப்பம்தான், முகம் இல்லையே.

எண்ணுகிறவர்கள் இருவரின் படிவங்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை அளக்க ஒரு சூத்திரம் இருக்கிறது. கெர்ப்னர் தலைவராக இருந்த அதே அனன்பெர்க் பள்ளியில் பேராசிரியராக இருந்த கிளாஸ் கிரிப்பென்டார்ஃப் உருவாக்கியது. உலகம் முழுக்க இன்றும் பல ஆய்வாளர்கள் அதைப் போடுகிறார்கள். மதிப்பு குறைவாக வந்தால் அந்தக் கேள்வியை ஆய்விலிருந்து எடுத்துவிடுவது வழக்கம். ஒரு பாத்திரம் 'மிரட்டலானவரா' என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாத்திரத்தின் இனத்தைச் சேர்ந்த ஒருவர் இல்லை என்று குறிக்கிறார். பக்கத்து அறையில் இருப்பவர் ஆமாம் என்று குறிக்கிறார். சூத்திரத்துக்கு இது பிழை. இருவரையும் மேஜைக்கு அழைத்து, காட்சியை மறுபடி ஓடவிட்டு, ஒரே பதிலுக்கு வரும்வரை பயிற்சி கொடுப்பார்கள். யார் யாருடைய பதிலுக்கு இறங்கி வந்தார் என்று படிவத்தில் எழுத இடமில்லை.